செயற்கை உயரப் பயிற்சியின் வரலாறு

செயற்கை உயரப் பயிற்சி என்பது, உயரமான மலைகளில் ஏறவிருப்பவர்கள் மலைக்குச் செல்லும் முன்பே, சமவெளியில் இருந்தபடி ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசித்து உடலைப் பழக்கிக்கொள்ளும் முறையாகும். இன்று இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கட்டிலின் மேல் விரிக்கப்பட்ட ஒரு கூடாரமும், குழாயால் அதனுடன் இணைக்கப்பட்ட ஓர் இயந்திரமும் போதும். பயிற்சி பெறுபவர் இரவில் கூடாரத்துக்குள் உறங்கி, பகலில் வழக்கமான வேலைகளைப் பார்க்கிறார்.

இந்த எளிய ஏற்பாட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 150 ஆண்டுக்கால ஆய்வு உள்ளது. பாரிசின் இரும்பு உருளைகளில் தொடங்கி, லண்டனின் எஃகு அறை, கேம்பிரிட்ஜின் கண்ணாடி அறை, அமெரிக்கக் கடற்படையின் குறையழுத்த அறை, பின்லாந்தின் நைட்ரஜன் வீடு எனப் பல வடிவங்களைக் கடந்து அது படுக்கையறைக்கு வந்து சேர்ந்தது. மலையில் உள்ள எதை அறைக்குள் கொண்டுவர முடியும், எதைக் கொண்டுவர முடியாது என்பதே இந்த வரலாறு முழுவதும் ஆய்வாளர்கள் கேட்டுவந்த கேள்வி. அதற்குக் கிடைத்த தவறான விடைகள் சில உயிர்களையும் பறித்துள்ளன.

உயரத்தில் குறைவது எது?

மலை உச்சியில் ஆக்சிஜன் விழுக்காடு குறைவு என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. கடல் மட்டத்திலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஏறத்தாழ 20.9 விழுக்காடு ஆக்சிஜனே உள்ளது. குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசமாக இருக்கும் வளிமண்டல அழுத்தம், எவரெஸ்ட் உச்சியில் 250 மி.மீ. அளவுக்குச் சரிந்துவிடுகிறது. அழுத்தம் குறையும்போது ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். உள்ளிழுக்கும் காற்று சுவாசக் குழாயில் ஈரமாகும்போது, அதன் அழுத்தத்தில் 47 மி.மீ. நீராவியின் பங்காகிவிடுகிறது. மீதியில் 20.9 விழுக்காடே ஆக்சிஜனின் அழுத்தம். கடல் மட்டத்தில் இது ஏறத்தாழ 149 மி.மீ. எவரெஸ்ட் உச்சியில் வெறும் 43 மி.மீ.

இந்தக் குறைவை உடல் பல வழிகளில் ஈடுசெய்கிறது. கழுத்துத் தமனியில் உள்ள சிறு உணர்விகள் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து மூச்சை வேகப்படுத்துகின்றன. வேகமாக மூச்சுவிடுவதால் கார்பன் டைஆக்சைடு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை பெறுகிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றி அதைச் சமன்செய்யச் சில நாட்கள் ஆகின்றன. இன்னொரு புறம், சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. இது முழுமை பெற வாரங்கள் தேவை. இந்த மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்து உயர இணக்கம் எனலாம். உயிரணுக்கள் ஆக்சிஜன் அளவை எவ்வாறு உணர்கின்றன என்பதைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இணக்கம் பெறாமல் விரைந்து ஏறுபவர்களுக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, சோர்வு ஆகியவை தோன்றுகின்றன. இது மலை நோய் எனப்படுகிறது. முற்றினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

மலை நோயும் காற்றின் எடையும்

பெருவின் பரியகாகா மலைத்தொடரைக் கடந்த ஸ்பானிய இயேசு சபைத் துறவி ஹோசே தெ அகோஸ்தா, அங்கே தமக்கு ஏற்பட்ட கடும் வாந்தியையும் தளர்ச்சியையும் 1590இல் வெளியான தம் நூலில் விவரித்தார். அவ்விடத்துக் காற்று மனிதர் சுவாசிக்க ஏற்றதல்லாத அளவுக்கு மெல்லியது என்று அவர் கருதினார். காற்றுக்கு எடை உண்டு என்பது நிறுவப்படும் முன்பே எழுதப்பட்ட கருத்து அது.

1643இல் இத்தாலியில் டொரிசெல்லி காற்றழுத்தமானிக்கு அடிகோலினார். 1648இல் பிரான்சின் புய் தெ தோம் மலை மீது பாதரசக் குழாயை எடுத்துச் சென்ற ஃப்ளோரன் பெரியே, மேலே செல்லச் செல்லப் பாதரச மட்டம் இறங்குவதைக் கண்டார். அச்சோதனையைத் திட்டமிட்டவர் அவருடைய மைத்துனர் பிளேஸ் பாஸ்கல். உயரமும் அழுத்தமும் தொடர்புடையவை என்பது உறுதியானதும், மலைக்குச் செல்லாமலே உயரத்தை உருவாக்கலாம் என்ற எண்ணத்துக்கு வழி திறந்தது. 1671இல் லண்டனில் ராபர்ட் ஹூக், காற்றின் ஒரு பகுதி உறிஞ்சி வெளியேற்றப்பட்ட பீப்பாய்க்குள் தாமே அமர்ந்து பார்த்தார். காதுவலியுடன் அச்சோதனை முடிந்தது.

பால் பேர்ட்டின் உருளைகள்

செயற்கை உயரத்தை முறையான அறிவியலாக்கியவர் பிரெஞ்சு உடலியங்கியலாளர் பால் பேர்ட். கிளாட் பெர்னாரின் மாணவரான இவர், பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் மனிதர் உள்ளே அமரக்கூடிய இரும்பு உருளைகளை அமைத்தார். மெக்சிகோவின் மேட்டுநிலத்தில் மருத்துவராகப் பணியாற்றி, அங்குள்ள மக்களின் உடல்நிலையை ஆராய்ந்த தெனி ஜூர்தனே இதற்குப் பண உதவி செய்தார்.

உருளையிலிருந்து காற்று மெல்ல உறிஞ்சப்படும்போது பேர்ட் தம் நாடித்துடிப்பையும் மனநிலையையும் குறித்துக்கொண்டார். பார்வை மங்கியது, எளிய கணக்கும் தடுமாறியது. ஆக்சிஜனைச் சிறிது உள்ளிழுத்ததும் தெளிவு திரும்பியது. உயரத்தில் உடலைப் பாதிப்பது அழுத்தக் குறைவு அன்று, அதனால் விளையும் ஆக்சிஜன் குறைவே என்பது அவருடைய முடிவு. 1878இல் வெளிவந்த ‘லா பிரெசியோன் பரோமெத்ரிக்’ என்ற பெருநூலில் இந்த ஆய்வுகள் தொகுக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது வானூர்தி மருத்துவத்தின் தேவை கருதி 1943இல் அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

செனித் பலூன் தந்த பாடம்

1874இல் குரோசே ஸ்பினெல்லி, சிவெல் என்ற இரு பலூன் பயணிகள் பேர்ட்டின் உருளைக்குள் அமர்ந்து, குறையழுத்தத்தில் தங்கள் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தனர். ஆக்சிஜனைச் சுவாசித்ததும் தளர்ச்சி நீங்குவதை நேரில் உணர்ந்தனர். ஓர் உயரப் பயணத்துக்கு முன் மனிதர் செயற்கை உயரத்தில் ஒத்திகை பார்த்த மிகப் பழைய நிகழ்வுகளுள் இது ஒன்று.

1875 ஏப்ரல் 15 அன்று அவ்விருவரும் காஸ்தோன் திசாந்தியே என்பவருடன் செனித் என்ற பலூனில் மேலெழுந்தனர். ஆக்சிஜன் கலந்த காற்று பைகளில் அடைக்கப்பட்டிருந்தது. அந்த அளவு போதாது என்று பேர்ட் எழுதிய கடிதம் உரிய நேரத்தில் பயன்படவில்லை. இருப்பதைச் சிக்கனமாகச் செலவிட எண்ணி, மிகவும் தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருந்தனர். அந்தத் தேவை வந்தபோது கையை உயர்த்திக் குழாயை வாயில் வைக்கும் வலிமை அவர்களுக்கு இல்லை. பலூன் 8,000 மீட்டரைத் தாண்டி உயர்ந்து, பின் தானே இறங்கியது. திசாந்தியே கண்விழித்தபோது தோழர் இருவரும் இறந்திருந்தனர். அவரும் செவித்திறனை இழந்தார்.

உருளைக்குள் கழித்த சில நிமிடங்கள் அவர்களுக்கு ஆக்சிஜனின் பயனைக் கற்றுத்தந்தன. ஆனால் அவர்களுடைய உடல் உயரத்துக்குப் பழகியிருக்கவில்லை. ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவது, ஆபத்தை உணரும் அறிவே. உருளையில் அபாயம் நேர்ந்தால் காற்றைத் திறந்துவிட வெளியே ஆள் இருந்தார். வானில் அப்படி யாரும் இல்லை.

பழக நாட்கள் தேவை

1890இல் பிரெஞ்சு ஆய்வாளர் வியோ, பெருவின் மொரோகோச்சாவில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் மூன்று வாரம் தங்கினார். தம் இரத்தத்திலும் உடன் வந்தவர் இரத்தத்திலும் சிவப்பணுக்கள் வெகுவாகப் பெருகியிருப்பதைக் கண்டார். உடல் உயரத்துக்கேற்ப மாறுகிறது, அம்மாற்றம் நடக்க நாட்கள் வேண்டும் என்ற இரண்டும் இதனால் தெளிவாயின. இத்தாலியின் ஆஞ்செலோ மோசோ, ஆல்ப்ஸ் மலையில் 4,559 மீட்டர் உயரத்தில் 1893இல் திறக்கப்பட்ட மார்கெரீட்டா குடிலை உயர ஆய்வுக்குப் பயன்படுத்தினார். அக்குடில் இன்றும் ஆய்வு மையமாக விளங்குகிறது.

கெல்லாசின் எஃகு அறை

மலையேற்றத்தையும் குறையழுத்த அறையையும் ஒரே வாழ்க்கையில் இணைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கெல்லாஸ். லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த இவர், விடுமுறைகளில் சிக்கிம் இமயமலைக்கு வந்து ஷெர்ப்பாக்களுடன் மலையேறினார். 1911இல் 7,128 மீட்டர் உயரமுள்ள பவுஹுன்ரி சிகரத்தை அடைந்தார். ஷெர்ப்பாக்களின் திறனை மேற்குலகுக்கு எடுத்துச் சொன்ன முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

முதல் உலகப்போருக்குப் பின் கெல்லாஸ், உடலியங்கியலாளர் ஜே. எஸ். ஹால்டேன், கென்னவே ஆகியோருடன் சேர்ந்து லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் எஃகு அறையில் சோதனைகள் செய்தார். ஹால்டேனும் கெல்லாசும் அடுத்தடுத்த நாட்களில் சில மணி நேரம் வீதம் அறைக்குள் இருந்தனர். ஒவ்வொரு நாளும் அழுத்தம் மேலும் குறைக்கப்பட்டது. பகலில் அறை, இரவில் சமவெளிக் காற்று என்ற இந்த விட்டுவிட்டுப் பழகும் முறையிலும் உடல் ஓரளவு இணங்குவதாக அவர்கள் அறிவித்தனர். இன்று வீட்டில் செய்யப்படும் பயிற்சியின் அடிப்படைக் கருத்து இதுவே. இன்று அறைக்குள் இருப்பது பகலில் அன்று, இரவில் என்பதே வேறுபாடு.

நன்கு பழகிய ஒருவர் துணை ஆக்சிஜன் இல்லாமலே எவரெஸ்டை ஏறக்கூடும் என்று கெல்லாஸ் 1920இல் கணித்து எழுதினார். 58 ஆண்டுகளுக்குப் பின், 1978 மே 8 அன்று ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் அதை உண்மையாக்கினர். கெல்லாஸ் அதைப் பார்க்கவில்லை என்பது மட்டுமன்று, எவரெஸ்டின் அடிவாரத்தையே எட்டவில்லை. 1921இல் முதல் எவரெஸ்ட் ஆய்வுப் பயணத்தில் சேர்ந்தவர், வழியில் வயிற்றுக்கடுப்பால் நலிந்து, ஜூன் 5 அன்று திபெத்தின் கம்பா சோங் அருகே உயிரிழந்தார். மெல்லிய காற்றைப் பற்றி அக்காலத்தில் அவரளவு அறிந்தவர் அரிது. ஆனால் மலைப் பயணத்தில் காற்று ஒரு பகுதியே.

1920இல் கேம்பிரிட்ஜில் ஜோசப் பார்கிராஃப்ட் வேறொரு வழியில் சென்றார். கண்ணாடி அறை ஒன்றில் ஆறு நாட்கள் தங்கி, நாளுக்கு நாள் ஆக்சிஜன் குறைந்துவந்த காற்றைச் சுவாசித்தார். நுரையீரல் தானே ஆக்சிஜனைச் சுரந்து இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று ஹால்டேன் நம்பியிருந்தார். இறுதி நாளில் பார்கிராஃப்டின் தமனியிலிருந்து எடுக்கப்பட்ட இரத்தம் கருத்திருந்தது. அக்கருத்துக்கு எதிரான வலுவான சான்றாக அது அமைந்தது.

வானூர்தியும் போரும்

1930களில் வானூர்திகள் மேலும் உயரப் பறக்கத் தொடங்கியதும், குறையழுத்த அறைகள் பல நாடுகளில் படைத்துறையின் கருவிகளாயின. ஜெர்மனியில் மலையேறியும் உடலியங்கியலாளருமான உல்ரிக் லுஃப்ட் இத்துறையில் பணியாற்றினார். 1937இல் நங்க பர்பத் மலையில் பனிச்சரிவு 16 பேரைப் புதைத்தபோது, கீழ்முகாமில் இருந்ததால் உயிர் தப்பியவர் இவர். இதே கருவி கொடுமைக்கும் பயன்பட்டது. 1942இல் டாக்காவ் வதைமுகாமில் கைதிகள் அவர்கள் விருப்பமின்றிக் குறையழுத்த அறைகளில் அடைக்கப்பட்டனர். பலர் அதிலேயே கொல்லப்பட்டனர். போருக்குப் பின் நியூரம்பர்க் மருத்துவர் விசாரணையில் இது வெளிப்பட்டது. ஆய்வுக்கு உட்படுபவரின் முழு ஒப்புதல் கட்டாயம் என்ற நெறி அவ்விசாரணையின் தீர்ப்பில் எழுதப்பட்டது.

ஆப்பரேஷன் எவரெஸ்ட்

அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்லஸ் ஹூஸ்டன், 1946இல் ரிச்சர்டு ரைலியுடன் சேர்ந்து ஃப்ளோரிடா மாநிலத்தின் பென்சகோலா கடற்படைத் தளத்தில் ஆப்பரேஷன் எவரெஸ்ட் என்ற சோதனையை நடத்தினார். நான்கு தன்னார்வலர்கள் ஏறத்தாழ ஐந்து வாரம் ஒரு குறையழுத்த அறையில் வாழ்ந்தனர். அழுத்தம் நாள்தோறும் மெல்லக் குறைக்கப்பட்டது. இறுதியில் எவரெஸ்ட் உச்சிக்கு நிகரான நிலையிலும் துணை ஆக்சிஜன் இல்லாமல் சிறிது நேரம் நினைவுடன் இருக்க முடிந்தது. பழகாத ஒருவர் அந்த அழுத்தத்தில் சில நிமிடங்களுக்குள் நினைவிழந்துவிடுவார். அறையில் கழித்த ஐந்து வாரங்களே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

1985இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் நகரில் இரண்டாம் சோதனை நடந்தது. எட்டுப் பேர் தொடங்கினர். 40 நாட்களின் முடிவில் ஆறு பேர் ‘உச்சியை’ அடைந்தனர். அறை கதகதப்பாக இருந்தது. விரும்பிய உணவு விரும்பிய அளவு கிடைத்தது. ஆயினும் அவர்கள் சராசரியாக 7.4 கிலோ எடை இழந்தனர். மலையில் உடல் மெலிவதற்குக் குளிரும் உணவுக் குறைவும் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாதென்பதை இது காட்டியது. ஆக்சிஜன் குறைவே பசியைக் கொன்றுவிடுகிறது. மூன்றாம் சோதனை 1997இல் பிரான்சின் மார்செய் நகரில் நடைபெற்றது.

இடையில், 1981 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிசோ எவரெஸ்ட் உச்சியிலேயே அழுத்தத்தை அளந்தார். 253 மி.மீ. இருந்தது. 1946இல் அறைக்குள் பயன்படுத்திய மதிப்பு 236 மி.மீ. நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில் இருப்பதால், பொதுக் கணக்கு காட்டுவதைவிட எவரெஸ்டின் மேல் அழுத்தம் சற்று அதிகம். அறைக்குள் உருவாக்கிய எவரெஸ்ட் உண்மையான எவரெஸ்டைவிடக் கடினமாக இருந்தது என்பது 35 ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

இந்திய அனுபவம்

1962 போரின்போதும் அதன் பின்னரும் சமவெளியிலிருந்து இந்தியப் படைவீரர்கள் பெருமளவில் இமயமலைக்கு விரைந்து அனுப்பப்பட்டனர். பழகுவதற்கு நேரமில்லாததால் பலர் மலை நோய்க்கும் நுரையீரல் நீர்க்கோப்புக்கும் ஆளாயினர். படை மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 வீரர்களின் மலை நோயை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் அடிப்படை ஆவணமாகக் கருதப்படுகிறது. இன்று இந்தியத் தரைப்படை மூன்று கட்டமாகப் பழக்கும் முறையைக் கையாள்கிறது. 2,700 மீட்டரிலிருந்து 3,600 மீட்டர் வரை ஆறு நாட்கள், 4,500 மீட்டர் வரை மேலும் நான்கு நாட்கள், அதற்கு மேல் மற்றொரு நான்கு நாட்கள். வீட்டுக் கூடாரம் குறைக்க முயல்வது மலையில் செலவாகும் இத்தகைய நாட்களைத்தான்.

அழுத்தத்திலிருந்து நைட்ரஜனுக்கு

குறையழுத்த அறையை வீட்டுக்குக் கொண்டுவருவது எளிதன்று. 5,000 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிடப் பாதியைச் சற்றே தாண்டும். அந்த நிலையை ஓர் அறைக்குள் உருவாக்கினால், சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நான்கு டன்னுக்கும் மேற்பட்ட விசை வெளியிலிருந்து அழுத்தும். செங்கல் சுவரும் கண்ணாடிச் சன்னலும் அதைத் தாங்கா.

மாற்று வழியைப் பார்கிராஃப்டின் கண்ணாடி அறை முன்பே காட்டியிருந்தது. அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, காற்றில் நைட்ரஜனின் பங்கைக் கூட்டி ஆக்சிஜனின் பங்கைக் குறைத்தால் போதும். ஆக்சிஜன் 15 விழுக்காடு ஆனால் அது ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்துக்கு நிகர். 12.5 விழுக்காடு 4,000 மீட்டருக்கும், 11 விழுக்காடு 5,000 மீட்டருக்கும் நிகர்.

இவ்வழியை வளர்த்தது விளையாட்டுத் துறை. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் 1968 ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபின், உயரப் பயிற்சியில் ஓட்டப்பந்தய வீரர்களின் நாட்டம் பெருகியது. 1990களின் தொடக்கத்தில் பின்லாந்து ஆய்வாளர்கள், உள்ளே ஆக்சிஜன் குறைக்கப்பட்ட நைட்ரஜன் வீடுகளை அமைத்தனர். வீரர்கள் அவற்றில் உறங்கி, வெளியே சமவெளிக் காற்றில் பயிற்சி செய்தனர். 1997இல் அமெரிக்காவின் பெஞ்சமின் லெவினும் ஜேம்ஸ் ஸ்ட்ரே கண்டர்சனும் 39 ஓட்டக்காரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, உயரத்தில் வாழ்ந்து தாழ்வில் பயிற்சி செய்யும் முறைக்கு வலுச் சேர்த்தது. விரைவிலேயே நைட்ரஜன் வீடு கூடாரமாகச் சுருங்கி விற்பனைக்கு வந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் இகோர் காமோவ், வீரர்களை உயரத்தில் இருப்பதுபோல் பயிற்சி செய்யவைக்க ஒரு காற்றடைப்புக் கருவியை வடிவமைத்திருந்தார். பின்னர் அதையே மாற்றியமைத்து, மலை நோயாளியை உள்ளே படுக்கவைத்து அழுத்தத்தைக் கூட்டும் பையாக்கினார். காமோவ் பை எனப்படும் அது இன்று பல மலை முகாம்களில் உயிர்காப்புக் கருவியாக உள்ளது.

கூடாரம் இயங்கும் முறை

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் பல இந்திய வீடுகளுக்கு அறிமுகமான ஆக்சிஜன் செறிவூட்டியும் இந்த இயந்திரமும் உறவுக் கருவிகள். செறிவூட்டியில் சியோலைட் என்ற கனிமத் துகள்கள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் நோயாளிக்குச் செல்கிறது. நைட்ரஜன் வெளியே விடப்படுகிறது. உயரப் பயிற்சி இயந்திரத்தில் ஆக்சிஜன் வெளியே விடப்பட்டு, நைட்ரஜன் மிகுந்த காற்று கூடாரத்துக்குள் செல்கிறது.

காற்று தொடர்ந்து உள்ளே வந்து கூடாரத்தின் இடைவெளிகள் வழியே வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறங்குபவர் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடு உள்ளேயே தேங்கிவிடும். இதனால் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் பயிற்சியின் இன்றியமையாத உறுப்புகள். விரல் அளவியின் அடிப்படைத் தத்துவத்தை 1970களில் ஜப்பானின் தக்குவோ அயோயகி கண்டறிந்தார்.

பயிற்சி தாழ்ந்த உயரத்தில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. இயந்திரத்தின் இரைச்சலும், கூடாரத்தின் வெப்பமும் ஈரப்பதமும், ஆக்சிஜன் குறைவால் தடைபடும் உறக்கமும் இதன் பொதுவான தொல்லைகள். இதய, நுரையீரல் நோயுள்ளோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவர் கருத்தில்லாமல் இதில் இறங்கக் கூடாது.

மலையேற்றத்தில் பயன்பாடு

செயற்கை உயரத்தை எவரெஸ்ட் ஏற்றத்துக்கு முன்னேற்பாடாகப் பயன்படுத்தியதை விவரிக்கும் ஆய்வொன்றைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் பால் ரிஷாலேயும் குழுவினரும் 1992இல் வெளியிட்டனர். ஐந்து மலையேறிகள் முதலில் மோன் பிளாங்க் மலையில் 4,350 மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் தங்கினர். பின் நான்கு நாட்களில் மொத்தம் 38 மணி நேரம் குறையழுத்த அறையில் 5,000 முதல் 8,500 மீட்டர் வரையிலான நிலைகளில் இருந்தனர். இதன் பிறகு மலையில் அவர்கள் வழக்கத்தைவிட விரைவாக உயர்ந்தனர். மலையும் அறையும் சேர்ந்தே இம்முயற்சியில் இடம்பெற்றன என்பது கவனிக்கத்தக்கது.

ஜப்பானின் யூயிச்சிரோ மியூரா 70, 75, 80 ஆகிய வயதுகளில் எவரெஸ்டை ஏறியவர். டோக்கியோவில் உள்ள குறைந்த ஆக்சிஜன் அறை அவருடைய பயிற்சியில் இடம்பெற்றது. 2010களில் அமெரிக்க வழிகாட்டி அட்ரியன் பாலிஞ்சரும் ஆஸ்திரியாவின் லூக்காஸ் ஃபுர்ட்டன்பாக்கும் வீட்டுக் கூடாரத்தைத் தங்கள் பயணத் திட்டத்தின் பகுதியாக்கினர். வாடிக்கையாளர் சில வாரங்கள் வீட்டில் கூடாரத்தில் உறங்கிவிட்டு வருவதால், ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும் எவரெஸ்ட் பயணம் பாதியாகச் சுருங்கியது.

ஆய்வுகள் காட்டும் எல்லைகள்

அமெரிக்கத் தரைப்படை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு இரவுகள் செயற்கை உயரத்தில் உறங்கியவர்கள் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தொடக்கத்தில் மலை நோய் குறைவாக இருந்தது, உறக்கமும் மேம்பட்டது. ஆனால் உடற்பயிற்சித் திறனில் கூடுதல் பயன் கிட்டவில்லை.

2014இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு வீட்டுப் பயிற்சிக்கு நேரடித் தொடர்புடையது. 76 பேர் 14 இரவுகள் வீட்டுக் கூடாரத்தில் உறங்கினர். ஒரு பகுதியினருக்கு இயல்பான காற்றும், மற்றவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றும் செலுத்தப்பட்டன. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒட்டுமொத்தமாக இரு குழுவுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. காரணம், இயந்திரச் சிக்கல்களால் ஆக்சிஜன் குறைந்த குழுவின் 37 பேரில் 21 பேருக்கு மட்டுமே திட்டமிட்ட அளவு எட்டியிருந்தது. அந்த 21 பேரிடம் மட்டும் மலை நோய் குறைந்திருந்தது. வீட்டில் செய்யப்படும் பயிற்சியின் வலுவும் பலவீனமும் இந்த ஒரே ஆய்வில் புலனாகின்றன. அளவு சரியாக இருந்தால் பயன் உண்டு. ஆனால் கூடாரத்துக்குள் படுப்பது மட்டுமே சரியான அளவுக்கு உத்தரவாதம் ஆகாது.

பெற்ற இணக்கம் நிலைத்திருப்பதும் இல்லை. பயிற்சியை நிறுத்திய சில நாட்களிலேயே மூச்சு தொடர்பான மாற்றங்கள் தளரத் தொடங்குகின்றன. ஆகவே கடைசி இரவுக்கும் மலைக்கும் இடையிலான இடைவெளி குறுகியதாக இருக்க வேண்டும். மலையில் 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வெடுப்பதுமே இன்றும் மருத்துவ வழிகாட்டல்களின் அடிப்படை.

விவாதங்கள்

2006இல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, செயற்கை உயரக் கருவிகளைத் தடை செய்வது பற்றி ஆராய்ந்தது. உடலுழைப்பு ஏதுமின்றிப் பெறும் பயன் விளையாட்டு உணர்வுக்கு முரணானது என்ற கருத்து எழுந்தது. இயற்கையான உயரத்தில் வாழும் வாய்ப்பு இல்லாதவர்களுக்கு இது சமநிலை தருகிறது என்பது மறுதரப்பு வாதம். இறுதியில் தடை விதிக்கப்படவில்லை.

2025 மே மாதம் நான்கு பிரித்தானியர்கள் லண்டனிலிருந்து புறப்பட்டு ஒரு வாரத்துக்குள் எவரெஸ்ட் உச்சியை அடைந்தபோது விவாதம் மீண்டும் எழுந்தது. ஃபுர்ட்டன்பாக் ஏற்பாடு செய்த இப்பயணத்துக்கு முன் அவர்கள் செனான் வாயுவைச் சுவாசித்திருந்தனர். செய்திகள் செனானைச் சுற்றியே சுழன்றன. ஆனால் அவர்கள் பல வாரங்கள் வீட்டில் ஆக்சிஜன் குறைந்த கூடாரங்களில் உறங்கியிருந்தனர். மலையில் துணை ஆக்சிஜனும் பயன்படுத்தினர். மலையில் செனான் பயன்தரும் என்பதற்குச் சான்றில்லை என்று பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவ ஆணையம் அந்த ஆண்டு சனவரியிலேயே அறிவித்திருந்தது.

மதிப்பீடு

லண்டனிலிருந்து ஒரு வாரத்துக்குள் எவரெஸ்ட் என்ற கணக்கு, கூடாரத்தில் கழிந்த வாரங்களைச் சேர்க்காத கணக்கு. பேர்ட்டின் உருளை முதல் இன்றைய கூடாரம் வரை எந்தக் கருவியும் உடல் பழகத் தேவையான காலத்தைப் பெரிதாகக் குறைத்துவிடவில்லை. அக்காலத்தின் ஒரு பகுதியை மலையிலிருந்து வீட்டுக்கு மாற்றியிருக்கின்றன. பனிச்சரிவும் கடுங்குளிரும் உள்ள இடத்தில் கழிக்க வேண்டிய இரவுகளைப் பாதுகாப்பான படுக்கையறையில் கழிக்க முடிவது சிறிய நன்மையன்று. மலையில் தங்கும் நாட்கள் குறைந்தால் ஆபத்தை எதிர்கொள்ளும் நாட்களும் குறைகின்றன.

அதே நேரத்தில், பனியில் கால் ஊன்றும் திறன், வானிலையைக் கணிக்கும் அனுபவம், எப்போது திரும்ப வேண்டும் என்ற தெளிவு ஆகியவற்றைக் கூடாரம் கற்றுத்தருவதில்லை. மூச்சு தடுமாறினால் கூடாரத்தின் கதவைத் திறந்தால் போதும், சமவெளிக் காற்று உள்ளே வந்துவிடும். மலையில் அதற்கு இணையான ஒரே வழி கீழே இறங்குவது. செயற்கை உயரப் பயிற்சி பெற்றவரும் மலை நோயின் அறிகுறி தோன்றினால் மேலே செல்வதை நிறுத்த வேண்டும், அறிகுறி முற்றினால் உடனே இறங்க வேண்டும் என்ற விதியில் எந்த மாற்றமும் இல்லை.